ஒரே ஒரு இன்சுலினைப் பின்தொடர்ந்து செல்லைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

செல்லைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். வட்டமாக ஒரு படம், உள்ளே வண்ண வண்ணமாகப் பத்துப் பன்னிரண்டு உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம். உட்கரு கட்டுப்படுத்தும், மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தரும், ரைபோசோம் புரதம் செய்யும். தேர்வு முடிந்த மறுவாரமே எண்டோபிளாச வலை எது, கோல்கை உறுப்பு எது என்று குழம்பிவிடும். இதற்கு ஞாபக சக்தியைக் குறை சொல்ல வேண்டாம். அந்தப் படத்தில் எதுவும் நகர்வதில்லை. எதற்குப் பிறகு எது வருகிறது, ஏன் வருகிறது என்று அதில் தெரிய வழியே இல்லை.

அதனால் இங்கே வேறு வழியில் போவோம். ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு, அது உருவாகும் இடத்திலிருந்து அழியும் இடம் வரை பின்னாலேயே செல்வோம். வழியில் எந்த உறுப்பு வருகிறதோ, அதை அப்போது நின்று பார்ப்போம். நான் தேர்ந்தெடுத்திருப்பது இன்சுலின். 51 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறிய புரதம். அமினோ அமில வரிசை முழுதாகக் கண்டறியப்பட்ட முதல் புரதமும் இதுதான். அந்த வேலைக்காக பிரெடெரிக் சாங்கருக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நமக்கு முக்கியமான காரணம் வேறு: செல்லின் பெரும்பாலான உறுப்புகளையும் தொட்டுக்கொண்டு போகும் பாதை இதனுடையது. கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சிறு சிறு செல் கூட்டங்கள் உண்டு. அவற்றில் உள்ள பீட்டா செல் ஒன்றுதான் நம் களம்.

படி 1: அளவை மனதில் பதியுங்கள்

ஒரு பெரிய தாளை, அல்லது சுவரில் 1 மீட்டர் அகலத்துக்கு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா செல்லின் குறுக்களவை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். செல்லை 1 மீட்டருக்குப் பெரிதாக்கினால், எல்லாவற்றையும் ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்குகிறோம் என்று பொருள்.

இந்தக் கணக்கில் உட்கரு 60 சென்டிமீட்டர் அகலம் வரும். மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் 5 சென்டிமீட்டர். இன்சுலினைச் சேமித்து வைக்கும் நுண்பை 3 சென்டிமீட்டர். ரைபோசோம் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு வெறும் அரை மில்லிமீட்டர். பேனாக் கோடு அளவுக்குத்தான். நாம் பின்தொடரப் போகும் இன்சுலின் அதைவிடச் சிறிய புள்ளி.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. நம் தாளில் அது 2 சென்டிமீட்டர். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் வெறும் அறைகளைப் பார்த்ததும் (இறந்த செல்களின் சுவர்கள் மட்டுமே அவை), 1831-இல் ராபர்ட் பிரவுன் உட்கருவுக்குப் பெயர் சூட்டியதும் ஒளி நுண்ணோக்கியால் முடிந்தன. ரைபோசோமைப் பார்க்க 1950-களில் ஜார்ஜ் பலாடே எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு வரவேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை என்பது. செல்லுக்குள் மூலக்கூறுகள் பெரும்பாலும் முட்டி மோதி, திசையில்லாமல் அலைந்துதான் இடம் மாறுகின்றன. இப்படி அலைந்து போகும்போது தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். நடுத்தர அளவிலான ஒரு புரதம் 10 மைக்ரோமீட்டரைச் சில நொடிகளில் கடந்துவிடும். அதே வேகத்தில் ஒரு மீட்டரைக் கடக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

செல்லைத் தொழிற்சாலை என்று வர்ணிப்பது வழக்கம். எனக்கு அந்த உவமையில் உடன்பாடில்லை. தொழிற்சாலையில் நடைபாதை இருக்கும், மேலாளர் இருப்பார், பொருள் நேராக அடுத்த மேசைக்குப் போகும். செல்லின் உள்ளே காலி இடமே குறைவு. உள்நீர்மத்தின் கனஅளவில் 20 முதல் 30 சதவீதம் வரை புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை தண்ணீர் மூலக்கூறுகளால் இடிபடுகிறது. சரியான துணையைத் தற்செயலாக மோதும்போது மட்டும் ஒட்டிக்கொள்கிறது. கீழே எங்கெல்லாம் ‘போகிறது’, ‘கண்டுகொள்கிறது’ என்று எழுதுகிறேனோ, அங்கெல்லாம் இந்த மோதலையே நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சவ்வை வரையுங்கள், இரண்டு பக்கமும் எண்களை எழுதுங்கள்

சவ்வு பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரோடு சேரும் ஒரு தலை, தண்ணீரை விட்டு விலகும் இரண்டு வால்கள். தண்ணீரில் விட்டால் வால்கள் உள்ளே மறைந்து, தலைகள் இரு புறமும் பார்த்தபடி இரண்டடுக்காகத் தாமே அமைந்துகொள்ளும். யாரும் கட்ட வேண்டியதில்லை. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இந்த அடுக்கை எளிதாகத் தாண்டும். சர்க்கரையும் மின்னேற்றம் கொண்ட அயனிகளும் தாண்டாது. அவற்றுக்குச் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள்தான் வழி: சில திறந்து மூடும் கால்வாய்கள், சில ஏற்றிச் செல்லும் கடத்திகள், சில ஆற்றல் செலவழித்துத் தள்ளும் பம்புகள்.

இப்போது உங்கள் கோட்டின் இரண்டு பக்கமும் இதை எழுதிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், சோடியம் வெளியே 145, உள்ளே 10 முதல் 15. பொட்டாசியம் வெளியே 5-க்குச் சற்றுக் குறைவு, உள்ளே 140. கால்சியம் வெளியே 1-க்கு மேல். உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இந்த வேறுபாட்டைக் காப்பது சோடியம்-பொட்டாசியம் பம்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஏடிபி மூலக்கூறை (செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவழிப்பது இதைத்தான்) செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். ஓய்வாக இருக்கும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்தப் பம்பு ஒன்றே தின்கிறது என்றால், இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். உள்ளே குவிந்த பொட்டாசியம் திறந்த கால்வாய்கள் வழியே கொஞ்சம் வெளியே கசியும். அதனால் சவ்வின் உட்பக்கம் எதிர்மின்னாகிறது. பீட்டா செல்லில் ஓய்வு நிலையில் சுமார் 70 மில்லிவோல்ட். சிறிய எண்தான். ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் என்பதால், மின்புலமாகக் கணக்கிட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேல் வரும்.

கால்சியம் எண்ணையும் பொட்டாசியக் கசிவையும் வட்டமிட்டு வையுங்கள். படி 7-இல் கதையே இவற்றை வைத்துத்தான்.

படி 3: உட்கருவில் நகல் எடுத்தல்

மனித செல் ஒன்றின் 46 குரோமோசோம்களில் உள்ள டிஎன்ஏ-வை நீட்டி ஒட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். நம் தாளின் அளவில் அது 200 கிலோமீட்டர். 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு சேர்ந்த உருண்டையைச் சுற்றி 147 இணை எழுத்துகள் (டிஎன்ஏ-வின் அடிப்படை அலகுகளை எழுத்துகள் என்கிறோம்), அடுத்த உருண்டை, அதற்கடுத்தது என்று டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கிறது. இது இடம் மிச்சப்படுத்தும் ஏற்பாடு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இறுகச் சுற்றிய பகுதியைப் படிக்க முடியாது. தளர்ந்த பகுதியைப் படிக்கலாம். இன்சுலின் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, தோல் செல்லிலும் எலும்பு செல்லிலும்கூட. ஆனால் அதைத் தளர்த்திப் படிக்கத் தேவையான புரதங்களின் சரியான கூட்டணி பீட்டா செல்லில் இருக்கிறது. ஒரே டிஎன்ஏ-வை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வகை செல்கள் உருவாவதன் அடிப்படை இதுதான்.

ஆர்என்ஏ பாலிமரேஸ் என்னும் நொதி மரபணுவின் மீது நகர்ந்து அதன் ஆர்என்ஏ நகலை எடுக்கிறது. இன்சுலின் மரபணுவின் நீளம் 1400 எழுத்துகளுக்குச் சற்று மேல். அதில் தேவையில்லாத இரண்டு இடைத் துண்டுகள் உண்டு. அவை வெட்டி நீக்கப்பட்டு மீதி ஒட்டப்படும்போது நகல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. முன்முனையில் ஒரு தொப்பி, பின்முனையில் நீண்ட வால் சேர்ந்ததும் தூது ஆர்என்ஏ தயார்.

உட்கருவைச் சுற்றியுள்ள உறை இரட்டைச் சவ்வு. ஆயிரக்கணக்கான துளைகள் அதில் உண்டு. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான புரதங்கள் கூடிய பெரிய அமைப்பு. சிறிய மூலக்கூறுகள் சும்மா போய்வரலாம், பெரியவை துணைப் புரதங்கள் கூட வந்தால்தான் தாண்டும். வரையும்போது ஒன்றை மறக்காதீர்கள்: உறையின் வெளிச் சவ்வு அப்படியே நீண்டு எண்டோபிளாச வலையாகிறது. இரண்டையும் தனித்தனியாக வரையும் படங்கள் இந்தத் தொடர்ச்சியைக் காட்டுவதில்லை.

படி 4: ரைபோசோமில் வாசித்தல்

தூது ஆர்என்ஏ வெளியே வந்ததும் ரைபோசோமின் சிறிய பகுதி முதலில் பிடித்துக்கொள்ளும். தொடக்கக் குறியீட்டைக் கண்டதும் பெரிய பகுதி மேலே வந்து சேரும். மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். 64 மூவெழுத்துக் குறியீடுகளில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, 3 ‘நிறுத்து’ என்று சொல்கின்றன. எந்த மூவெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்பதை ரைபோசோம் ‘அறிந்து’ வைத்திருக்கவில்லை. அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்து வருவது கடத்து ஆர்என்ஏ. சரியான அமினோ அமிலத்தைச் சரியான கடத்து ஆர்என்ஏ-வோடு இணைக்கும் நொதிகள் தனியாக இருக்கின்றன. மரபுக் குறியீட்டின் அகராதி உண்மையில் அவற்றிடம்தான். இவற்றைப் பாடங்களில் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

ரைபோசோமைப் பற்றி மிகவும் வியப்பூட்டும் செய்தி அதன் அணு அமைப்பு தெரிந்தபோது உறுதியானது: அமினோ அமிலங்களை இணைக்கும் மையத்தில் வேலை செய்வது புரதம் அல்ல, ஆர்என்ஏ. இந்த அமைப்பைக் கண்டறிந்ததற்காக வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் மூவருக்கும் 2009-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. புரதத்தைச் செய்யும் கருவியே புரதமாக இருந்தால் முதல் கருவி எப்படி வந்தது என்ற பழைய சிக்கலுக்கு இது ஒரு பெரிய துப்பு.

மனித செல்லில் ரைபோசோம் நொடிக்கு ஏறத்தாழ 5 அமினோ அமிலங்களைச் சேர்க்கிறது. இன்சுலினுக்காக அது செய்யும் முதல் சங்கிலியின் நீளம் 110. முடிவில் நமக்கு வேண்டியது 51-தான். மீதி 59 எங்கே போகின்றன என்று கவனித்தாலே அடுத்த இரண்டு உறுப்புகளின் வேலை புரிந்துவிடும்.

படி 5: எண்டோபிளாச வலைக்குள்

சங்கிலியின் முதல் 24 அமினோ அமிலங்கள் ஒரு அடையாளத் துண்டு. அது ரைபோசோமிலிருந்து தலை நீட்டியதுமே, செல்லின் நீர்மத்தில் அலையும் ஒரு துகள் அதைப் பற்றிக்கொண்டு, தயாரிப்பைச் சற்று நிறுத்தி, ரைபோசோமோடு சேர்த்து எண்டோபிளாச வலையின் சவ்வில் உள்ள துளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அப்புறம் தயாரிப்பு தொடரும். சங்கிலி வளர வளர வலைக்குள்ளேயே நுழையும். புரதங்கள் தாங்கள் போக வேண்டிய இடத்தைத் தங்களுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கின்றன என்பதைக் காட்டியதற்காக குண்டர் பிளோபெல் 1999-இல் நோபல் பெற்றார்.

ஆகவே ‘சொரசொரப்பான வலை’ என்று படங்களில் புள்ளி புள்ளியாகக் காட்டப்படும் ரைபோசோம்கள் அங்கே நிரந்தரமாக ஒட்டப்பட்டவை அல்ல. நீர்மத்தில் மிதக்கும் ரைபோசோமும் வலையில் ஒட்டிய ரைபோசோமும் ஒரே வகை. கையில் இருக்கும் சங்கிலியில் அடையாளத் துண்டு இருந்தால் வலைக்குப் போகும், இல்லையென்றால் நீர்மத்திலேயே முடித்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் அந்த 24-ஐ ஒரு நொதி வெட்டி எறிகிறது. மிச்சம் 86. இப்போது சங்கிலி சரியான வடிவில் மடிய வேண்டும். இன்சுலினின் வடிவத்தைப் பூட்டி வைப்பவை கந்தக அணுக்களுக்கிடையே மூன்று பிணைப்புகள். இவை உருவாகத் தோதான வேதிச் சூழல் வலைக்குள் உண்டு, வெளியே நீர்மத்தில் இல்லை. தவறாக மடிந்தால் என்ன? முதலில் மறுபடி மடிய வாய்ப்பு. அதுவும் சரிவராவிட்டால் வெளியே இழுக்கப்பட்டு, யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் மேலே ஒட்டப்பட்டு, புரோட்டியாசோம் என்னும் உருளையில் துண்டாக்கப்படும். வலையில் தவறாக மடிந்த சரக்கு மிதமிஞ்சிக் குவிந்தால் செல் புதுத் தயாரிப்பையே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

வழவழப்பான வலை என்று இன்னொரு பகுதி உண்டு. கொழுப்பு தயாரிப்பு, கால்சியம் சேமிப்பு, ஈரலில் மருந்துகளை மாற்றிக் கரைத்து அனுப்புவது எல்லாம் அதன் வேலை. நம் இன்சுலினுக்கு அங்கே வேலை இல்லை.

படி 6: கோல்கை உறுப்பும் நுண்பையும்

வலையின் ஓரத்தில் சவ்வு புடைத்து, கிள்ளப்பட்டு, சின்ன நுண்பையாகப் பிரிகிறது. நம் 86 அமினோ அமிலச் சங்கிலி அதற்குள் ஏறி, தட்டையான பைகள் அடுக்கியதுபோல் இருக்கும் கோல்கை உறுப்பை அடைகிறது. 1898-இல் காமில்லோ கோல்கி இதை முதலில் வரைந்தபோது, சாயத்தால் ஏற்பட்ட பொய்த் தோற்றம் என்று சந்தேகித்தவர்கள் பல பத்தாண்டுகளுக்கு இருந்தார்கள். வலைப் பக்கம் ஒரு முகம், சவ்வுப் பக்கம் மறு முகம். இந்தப் பயணத்தில் பல புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலிகள் சேர்க்கப்படும், திருத்தப்படும். மறு முகத்தில் தரம் பிரித்தல்: இது லைசோசோம் என்னும் செரிமானப் பைக்கு, இது சவ்வுக்கு, இது சேமிப்புக்கு.

இன்சுலின் சேமிப்புப் பையில் ஏறுகிறது. பையின் சவ்வில் உள்ள பம்புகள் புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) உள்ளே தள்ள, உட்புறம் அமிலமாகிறது. அந்த அமிலத்தில்தான் வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. சங்கிலியின் நடுவில் உள்ள 31 அமினோ அமிலங்களும் அதன் இரு ஓரங்களில் இருக்கும் இரண்டிரண்டும் நீக்கப்படுகின்றன. 24, 31, 4, ஆக 59. கணக்கு சரியாகிவிட்டது. மிஞ்சுவது 21-ம் 30-ம் கொண்ட இரண்டு சங்கிலிகள், பிணைப்புகளால் கட்டுண்டவை. இன்சுலின் இப்போதுதான் இன்சுலின். ஆறு ஆறாக, துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கூடிப் படிகமாகி உறைகிறது.

வெட்டப்பட்ட அந்த 31, சி-பெப்டைடு என்ற பெயரில், இன்சுலினோடு அதே பையில் தங்கி அதே எண்ணிக்கையில் இரத்தத்துக்குள் வரும். ஊசி மூலம் செலுத்தும் இன்சுலினில் அது இருக்காது. எனவே ஒருவரின் கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்று அறிய மருத்துவர்கள் சி-பெப்டைடை அளக்கிறார்கள்.

ஒரு பீட்டா செல்லில் இப்படிப்பட்ட பைகள் ஏறத்தாழ 10,000. இவை தாமாக அலைந்து சவ்வுக்கு வருவது மெதுவான வேலை என்பதால், 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள் தடங்களாக இருக்கின்றன. கைனசின் என்னும் மோட்டார் புரதம் பையைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஏடிபி-க்கு ஒரு காலடி என 8 நானோமீட்டர் வீதம் நகர்கிறது. சவ்வின் அடியில் ஆக்டின் என்னும் புரத இழைகளின் பின்னல். கொஞ்சம் பைகள் சவ்வை ஒட்டித் தயாராக நிற்கும், மற்றவை பின்னால்.

படி 7: சர்க்கரை வந்ததும் என்ன நடக்கிறது

இதுவரை வந்தது தயாரிப்பு. இனி பீட்டா செல் எப்படி ‘உணர்கிறது’ என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். செல்லின் பாதி உறுப்புகள் ஒரே சங்கிலியில் கோக்கப்படுவது இங்கேதான்.

உணவுக்குப் பின் இரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிறது. கடத்திப் புரதம் வழியே அது பீட்டா செல்லுக்குள்ளும் கூடுகிறது. குளுக்கோகைனேஸ் என்னும் நொதி அதில் பாஸ்பேட் சேர்க்கிறது. மற்ற செல்களில் இதே வேலையைச் செய்யும் நொதிகள் குறைந்த குளுக்கோஸிலேயே முழு வேகத்தை எட்டிவிடும். இது அப்படியல்ல, இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் அதே எல்லைக்குள் இதன் வேகமும் ஏறி இறங்கும். பீட்டா செல்லின் அளவுகோல் இதுவே.

குளுக்கோஸ் நீர்மத்திலேயே இரண்டாக உடைகிறது. நிகர லாபம் 2 ஏடிபி. உடைந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகின்றன. அங்கே அவை முழுதாகச் சிதைக்கப்பட்டு, அவற்றின் எலக்ட்ரான்கள் உட்சவ்வில் வரிசையாக உள்ள புரதத் தொகுதிகள் வழியே கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராகின்றன. நாம் மூச்சு விடுவதே இந்தக் கடைசி வரிக்காகத்தான். எலக்ட்ரான் கைமாறும்போது கிடைக்கும் ஆற்றலில் புரோட்டான்கள் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஒரு பக்கம் குவிந்த புரோட்டான்கள் திரும்பி வர ஒரே நல்ல வழி ஏடிபி சிந்தேஸ் என்னும் சுழலும் நொதி. பாலூட்டிகளில் 8 புரோட்டான்கள் கடந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது.

பீட்டர் மிட்செல் 1961-இல் இதை முன்வைத்தபோது எளிதில் யாரும் ஏற்கவில்லை. ஆற்றலை ஒரு வேதிப்பொருளாகத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம், அது சவ்வின் இரு பக்க வேறுபாடாக இருக்கிறது என்றார். 1978-இல் நோபல் வந்தது. ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30 முதல் 32 ஏடிபி என்பது இன்றைய கணக்கு. பழைய புத்தகங்களில் உள்ள 36, 38 ஆகிய எண்கள், புரோட்டான் கசிவையும் போக்குவரத்துச் செலவையும் கழிக்காதவை.

சரி, பீட்டா செல்லில் ஏடிபி கூடிவிட்டது. சவ்வில் ஒரு வகைப் பொட்டாசியக் கால்வாய் இருக்கிறது. ஏடிபி ஒட்டினால் அது மூடிக்கொள்ளும். படி 2-இல் வட்டமிட்ட பொட்டாசியக் கசிவு இப்போது நிற்கிறது. கசிவு நின்றால் உட்பக்கத்தின் எதிர்மின் குறைகிறது. மின்னழுத்தம் மாறியதும், அதற்காகவே காத்திருக்கும் கால்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. வெளியே பத்தாயிரம் மடங்கு கூடுதலாக இருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. சவ்வை ஒட்டி நிற்கும் பையின் புரதங்களும் சவ்வின் புரதங்களும் ஏற்கெனவே ஒன்றையொன்று பாதி முறுக்கிப் பிடித்திருக்கும். கால்சியம் வந்ததும் முறுக்கு முழுமையாகி இரண்டு சவ்வுகளும் ஒன்றாகின்றன. பை வெளிப்பக்கம் திறந்து இன்சுலின் கொட்டுகிறது. தயாராக நின்ற பைகள் முதல் பத்து நிமிடத்துக்குள் போய்விடும். அதன்பின் உள்ளிருந்து வருபவை மெதுவாக, நீண்ட நேரத்துக்கு.

கால்சியத்தை உள்ளே அவ்வளவு குறைவாக வைத்திருக்கச் செல் ஏன் ஆற்றலைச் செலவிடுகிறது என்பதற்கும் விடை கிடைத்திருக்கும். பின்னணி குறைவாக இருந்தால்தான் கொஞ்சம் நுழைந்தாலும் அது செய்தியாகும்.

படி 8: மறுமுனையில்

இரத்தத்தில் இன்சுலினின் பாதி ஆயுள் சில நிமிடங்கள்தான். தசை செல் ஒன்றின் சவ்வில் உள்ள ஏற்பியில் அது ஒட்டுகிறது. ஏற்பி வெளியே பிடித்துக்கொண்டு உள்ளே வடிவம் மாறும். உள்பாகம் தனக்குத் தானே பாஸ்பேட் சேர்த்துக்கொள்ளும். அடுத்தடுத்த புரதங்கள் அதைப் பார்த்து மாறும். இன்சுலின் உள்ளே நுழையாமலேயே செய்தி நுழைந்துவிட்டது. கடைசி விளைவு: குளுக்கோஸ் கடத்திகளைத் தாங்கிய நுண்பைகள் சவ்வோடு இணைகின்றன, தசைக்குள் சர்க்கரை நுழைய வழி பெருகுகிறது. பீட்டா செல்லில் பார்த்த அதே பை இணையும் உத்தி, வேறு வேலைக்கு.

பிறகு ஏற்பியும் இன்சுலினும் ஒட்டிய இடத்தில் சவ்வு உள்நோக்கிக் குழிந்து, இரண்டையும் தாங்கிய எண்டோசோம் என்னும் பையாகிறது. அதன் அமிலத்தில் இன்சுலின் பிடி தளர்கிறது. ஏற்பிகள் பெரும்பாலும் சவ்வுக்குத் திரும்பும்; இன்சுலின் சிதைக்கப்படும். இந்தச் சிதைவு வேலைக்கான முக்கிய இடம் லைசோசோம், 1955-இல் கிறிஸ்டியன் டி டுவே கண்டது. உள்ளே அமிலநிலை எண் (pH) 5-ஐ ஒட்டி இருக்கும். அதன் நொதிகள் அந்த அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், ஒன்றிரண்டு லைசோசோம் உடைந்தாலும் செல் கரைந்துவிடாது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைக்கூடச் சவ்வில் சுற்றி இங்கே கொண்டுவந்து செரிக்க முடியும்; தன்னுண்ணல் எனப்படும் அந்த ஏற்பாட்டை விளக்கியதற்கு யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல். இன்சுலினின் 51 அமினோ அமிலங்களும் பொதுக் கையிருப்பில் சேர்ந்து, வேறு ஏதோ ஒரு சங்கிலியில் கோக்கப்படும்.

படி 9: பாதையில் வராதவை

சுருக்கமாகச் சொல்கிறேன். பெராக்சிசோம் மிக நீண்ட கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும். அப்போது உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தானே நொறுக்கிவிடும். தாவர செல்லில் செல்லுலோஸ் சுவர், பசுங்கணிகம், கனஅளவில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் நடு நுண்குமிழ் ஆகிய மூன்றும் கூடுதல். தாவரத்திலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. பசுங்கணிகம் இருப்பதால் அது தேவையில்லை என்று நினைப்பது பரவலான தவறு.

மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள். லின் மார்குலிஸ் 1967-இல் இதை வலுவாக வாதிட்டார். மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 16,569 இணை எழுத்துகள் கொண்ட வட்ட டிஎன்ஏ, 37 மரபணுக்கள், சொந்த ரைபோசோம்கள் உண்டு. ரைபோசோமைத் தாக்கும் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் மைட்டோகாண்ட்ரியாவையும் லேசாகத் தொடுவது இந்த உறவால்தான்.

பாக்டீரியாவில் உட்கருவும் இல்லை, வலையும் இல்லை, கோல்கையும் இல்லை. ஆர்என்ஏ நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் அதில் ஏறிவிடும். 1978-இல் ஈ. கோலை பாக்டீரியாவில் மனித இன்சுலின் செய்தபோது இந்தக் குறைகள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இடைத் துண்டுகளை வெட்ட அதற்குத் தெரியாது என்பதால், அவை இல்லாத செயற்கை மரபணுவைக் கொடுத்தார்கள். கந்தகப் பிணைப்புக்கு உள்சூழல் தோதில்லை என்பதால், இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியாகச் செய்யவைத்து, வெளியே எடுத்துச் சேர்த்தார்கள்.

படி 10: உடைத்துப் பாருங்கள்

புரிந்ததா என்று சோதிக்க, உறுப்புகளின் பெயரை ஒப்பிப்பதைவிட, ஒன்றை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தாளைப் பார்த்துச் சொல்வது நல்லது. கீழே உள்ளவற்றுக்கு விடையைப் படிப்பதற்கு முன் நீங்களே யோசியுங்கள்.

சயனைடு, எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சேரும் கடைசித் தொகுதியை அடைத்துவிடுகிறது. பீட்டா செல் இன்சுலின் சுரக்குமா? புரோட்டான் தள்ளுவது நிற்கிறது, ஏடிபி விழுகிறது, பொட்டாசியக் கால்வாய் மூடாது, கால்சியம் வராது. சுரக்காது, வெளியே எவ்வளவு சர்க்கரை இருந்தாலும். கூடவே சோடியம்-பொட்டாசியம் பம்பும் நின்று, படி 2-இல் எழுதிய எண்கள் எல்லாம் மெல்லச் சமமாகும்.

நீரிழிவுக்குத் தரும் சல்போனைல்யூரியா வகை மாத்திரை, ஏடிபி இல்லாமலேயே அதே பொட்டாசியக் கால்வாயை மூடுகிறது. சாப்பிடாமல் போட்டால்? குளுக்கோஸ் கூடவில்லை, ஆனால் சங்கிலியின் பின்பாதி இயங்கிவிடும். சர்க்கரை குறைவாக இருக்கும்போதே இன்சுலின் கொட்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

கடைசிக் கேள்வி கொஞ்சம் கடினம். லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்குக் கோல்கையில் ஒரு அடையாளம் ஒட்டப்படும். மேனோஸ் என்னும் சர்க்கரையில் ஒரு பாஸ்பேட். அதை ஒட்டும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அவர்களின் லைசோசோம் நொதிகள் எங்கே போகும்? நொதிகள் ஒழுங்காகத் தயாராகின்றன, வலையில் நுழைகின்றன, கோல்கை வரை வருகின்றன. தரம் பிரிக்கும் இடத்தில் அடையாளம் இல்லாததால், அடையாளமற்ற சரக்கு போகும் வழியிலேயே நுண்பையில் ஏறி, செல்லுக்கு வெளியே போய்விடுகின்றன. இரத்தத்தில் அந்த நொதிகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு. லைசோசோம்களிலோ செரிக்காத கழிவு குவிந்து, நுண்ணோக்கியில் தடித்த உருண்டைகளாகத் தெரிகிறது.